உன் பெயர் அடங்காத கட்டம்

என் தம்பி செல்வம்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கை போகிறது. கேட்டால் நீ சிரிப்பாய். இருந்தாலும் கேட்டுவிட்டேன் சாமி. நான் நன்றாக இல்லை. இந்த வருடக் கல்லறைத் திருநாள் புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகவேண்டும்.

நீ போனபிறகும் நம் அஸ்தம்பட்டி டி.டி.பி. கடையை மூடவில்லை. உன் நாற்காலியில் நான்தான் உட்கார்கிறேன், உயரத்தைக் குறைக்கத் தெரியாமல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. தட்டச்சு எனக்கு, பக்கம் கட்டுவது உனக்கு என்று இத்தனை வருடம் ஓட்டினோம். இப்போது இரண்டும் என் தலையில். ஏற்காடு ரோட்டில் யாராவது ஹாரன் அடித்தால்கூட, பிழை கண்டுபிடித்துக் கூப்பிடுகிறார்களோ என்று தூக்கிவாரிப் போடுகிறது. "எங்கக்கா பச்சத்தண்ணியவே ஊதி ஊதிக் குடிக்கறவ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாயே, அதில் ஒரு மாற்றமும் இல்லை.

அந்தப் புத்தகம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டுமா? நம் கோயில் பங்கின் குடும்பங்களைக் குழுவாகப் பிரித்த ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு பட்டியல். இறந்தவர் பெயர் ஒரு கட்டத்தில், குடும்பம் அடுத்த கட்டத்தில். கல்லறைத் தோட்டத்தில் பூசை நடக்கும்போது உபதேசியார் அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பெயராகப் படிப்பார். எல்லாப் பட்டியலுக்கும் சேர்த்து நீ ஒரே டேபிள் ஸ்டைல் செய்து வைத்திருந்தாய். தலைப்பு வரிசைக்கு ஒரு நிறம், ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு லேசான சாம்பல், கட்டத்துக்குள் எழுத்தைச் சுற்றி இவ்வளவு இடம் என்று எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். புதுப் பெயர்களைக் கொட்டி அந்த ஸ்டைலை ஒரு தடவை சொடுக்கினால் போதும், பட்டியல் குளித்துத் தலைவாரி வந்து நிற்கும். பக்கம் கலையக் கூடாது என்று வரிசையின் உயரத்தை மட்டும் தனியாகப் பூட்டிவைப்பாய்.

பெயர் நீளமாக வந்தால் நீ ஸ்டைலைத் தொடமாட்டாய். போனை எடுப்பாய். "ஏனுங்கம்மா, ஐயாவ ஊட்டுல எப்படிங்க கூப்புடுவீங்க? அந்தப் பேரயே போட்டுடறனுங்க" என்பாய். அந்தம்மா கொஞ்சம் அழுதுவிட்டு ஒரு சின்னப் பெயரைச் சொல்வார். அது கட்டத்தில் அழகாக உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வருடம் உன் பெயரை அடித்தேன். அடித்து முடித்ததும் கட்டத்தில் சிவப்புப் புள்ளி, எழுத்து அடங்கவில்லை என்று. 'ஆரோக்கிய சவரிமுத்து' மட்டும்தான் தெரிந்தது. 'செல்வராஜ்' இரண்டாவது வரிக்குப் போய், பூட்டிய வரிசையில் இடம் கிடைக்காமல் மறைந்துவிட்டது. புள்ளி திரையில்தான் தெரியும், அச்சில் வராது. அச்சில் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பாதிப் பெயர் முழுப் பெயர் மாதிரியேதான் இருக்கும். நம் பங்கில் ஆரோக்கிய சவரிமுத்துக்களுக்கா பஞ்சம்? எல்லோரும் வேறு யாருக்கோ செபிப்பார்கள், நீ பேசாமல் படுத்திருப்பாய்.

உன் வழியிலேயே போனேன். உன் வீட்டுக்குப் போன் செய்து, "அவன ஊட்டுல எப்படிக் கூப்புடுவே ரீட்டா?" என்று கேட்டேன்.

"ஏனுங்கன்னுதான் கூப்புடுவேன். அதையா போடுவீங்க அண்ணி?" என்றாள் உன் பெண்டாட்டி. அப்புறம் அவளே சொன்னாள்: "ஞானஸ்நானத்துல வெச்ச பேரு முழுசா வரோணும் அண்ணி. செல்வம்னு போட்டா எந்தச் செல்வம்னு ஆருக்குத் தெரியும்?"

உன் கட்டத்தில் மட்டும் எழுத்தைப் பொடியாக்கிப் பார்த்தேன். உடனே ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி வந்து உட்கார்ந்தது. ஸ்டைலை மீறிக் கையால் திருத்தியதற்கு அடையாளம் அது. அதைக் கண்டாலே உனக்கு ஆகாது. "ஒரு எடத்துல கைய வெச்சீன்னா எல்லா எடத்துலயும் வெக்கோணும்க்கா" என்று கத்துவாய். அந்த நேரம் பார்த்து உபதேசியார் படி ஏறி வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"லூர்தம்மா, இத்தன பொடியா அடிச்சுப் போடாதீங்க. அந்தியில எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்க. புஸ்தகத்துல என்ன தெரியுதோ அதத்தான் நான் படிக்க முடியுமுங்க."

அவர் போனபிறகு, கூட்டல் குறியை எடுத்துவிட்டேன். எழுத்து பழைய அளவுக்கு வந்தது, புள்ளியும் வந்தது. வேறு வழியில்லை செல்வம். உன் ஸ்டைலையே திறந்தேன். கட்டத்துக்குள் இடமும் வலமும் நீ விட்டிருந்த இடத்தைப் பாதியாக்கினேன். அங்கே ஒன்றைத் தொட்டால் புத்தகம் முழுவதும் மாறும் என்று தெரியும். மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டுதான் ஓகே கொடுத்தேன்.

கண்ணைத் திறந்தால், உன் பெயர் ஒரே வரியில் செல்வராஜ் வரைக்கும் நின்றது. அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, எங்கே என்ன கெட்டுப்போயிருக்கிறதோ என்று முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். எதுவும் கெடவில்லை. வேறொன்று நடந்திருந்தது. அடுத்த அன்பியத்தின் பட்டியலில் 'அமலோற்பவ மரிய செபஸ்தியம்மாள்' என்று ஒரு பெயர். காலையில் அதே இடத்தில் 'அமலோற்பவ மரிய' என்றுதான் படித்திருந்தேன். உன் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தப் புள்ளி என் கண்ணில் படவில்லை. ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கிற அவர் மகன், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நின்று, அம்மா பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டுப் போனவன். உனக்காக விட்ட இடத்தில் அவன் அம்மாவும் உள்ளே வந்துவிட்டார்.

பயம் மட்டும் போகவில்லை. எழுத்தைச் சுற்றி அவ்வளவு இடம் ஏன் விட்டிருந்தாய்? அழகுக்கா, எனக்குத் தெரியாத வேறு காரணமா? இப்போது பட்டியல் நெருக்கமாகத் தெரிகிறதா உனக்கு? ஃபைலைச் சேமித்துவிட்டேன். பழையதை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். இதற்கும் கத்துவாய், கத்து.

கல்லறைத் திருநாளன்று உன் பக்கத்தில்தான் நிற்பேன். உபதேசியார் உன் பெயரைத் தொடங்கியதும் காதைத் தீட்டிக்கொள்வேன். இருட்டில் அவருக்கு ஆரோக்கிய சவரிமுத்துவோடு கண் நின்றுபோனால், பச்சைத்தண்ணியை ஊதிக் குடிக்கிற உன் அக்கா, அத்தனை சனத்துக்கும் நடுவில் மீதியைச் சத்தமாகச் சொல்வாள். அந்தச் செபஸ்தியம்மாளுக்கும் சொல்வாள். இது சத்தியம் சாமி.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அக்கா,
லூர்துமேரி