இரண்டு கையையும் தூக்கினால்

உங்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்க மனம் வரவில்லை.

நேற்று நம் மகள் விடாப்பிடியாக என்னை இழுத்துப்போய், மறுபடி தியேட்டருக்கு வந்திருக்கும் உங்கள் பழைய ‘தவளைப் பூதம்’ படத்தைக் காட்டினாள். முப்பது வருடமாக நான் பார்க்க மறுத்த படம். அந்தத் தவளைக்குள் இருந்தவன் என் அண்ணன். அந்தப் படப்பிடிப்பிலேயே அவன் செத்துப்போனான்.

தவளை உடுப்பைத் தைத்தவள் நான். ஜிப் முதுகில் இருந்தது, உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. அதனால்தான் என் எதிரிலேயே அவனிடம் சொன்னீர்கள்: “மூச்சு முட்டினா ரெண்டு கையையும் தூக்கு மச்சான். உடனே கட் சொல்லிடுறேன்.”

அவன் போன அன்று, “அவன் கையத் தூக்கவே இல்ல” என்று என் மடியில் விழுந்து அழுதீர்கள். நானும் நம்பித் தொலைத்தேன். உங்களுக்கு ஆறுதல் வேறு சொன்னேன்.

நேற்றுப் பார்த்தேன். தவளை இரண்டு கையையும் தூக்கியது. மறுபடி தூக்கியது. மறுபடியும். ஒரே ஃபிலிம் துண்டை மூன்று முறை ஒட்டி, டங்கு டங்கென்று இசை போட்டு, அவனை ஆட வைத்திருக்கிறீர்கள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

படம் பிடிக்கும்போது கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எடிட்டிங்கில் உட்கார்ந்து ஒட்டினீர்களே, அப்போது கண் அவிந்தா போயிருந்தது?

பக்கத்தில் மகளும் சிரித்தாள். “மாமா என்னமா ஆடுறாரு பாரும்மா” என்றாள்.

அது ஆட்டம் இல்லை என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் வெளியூரிலிருந்து வீடு திரும்பினால் கதவைத் திறக்கப் போவது அவள்தான்.

அவனுடைய தங்கை