உண்மைக் கதை என்று நீ போட்ட வரி

மண்ணூர்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்புள்ள மகன் சுபாஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஜெர்மனிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தங்கை கலைமதியும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது, அதில் பாதி பொய், அதனால் பாதி நலம் என்று வைத்துக்கொள். கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் என் வலது கை போனதிலிருந்து நான் சொல்லச் சொல்ல இவள்தான் எழுதுகிறாள் என்பது உனக்குத் தெரியும். (‘அன்புள்ள’ அம்மா சொன்னது. என் பங்கு மை மட்டும். – கலை.) போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லி மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தில் உன்னால் நடுவில் பேச முடியாது, அதற்காகத்தான் இது. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் நம்பருக்கு அனுப்புவாள், முழுதாகப் படி.

இதழில் வந்த உன் விஞ்ஞானக் கதையை இவள் எனக்கு இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள், இரண்டாவது தடவை வில்லன் குரலில். பாதி மனுஷர் பாதி இயந்திரமாக ஒரு குடும்பம், அதில் கை போன ஓர் அம்மா. அவளுக்கு வெள்ளியில் மெலிந்த கை, நகத்தில் சிவப்புப் பூச்சு, அந்தக் கையால் நிமிஷத்துக்கு நாற்பது சப்பாத்தி தேய்க்கிறாள், எதிரி வந்தால் கழுத்தை நெரிக்கிறாள், நெரித்த கையோடு மகனுக்குக் காபி ஆற்றுகிறாள். அவ்வளவு பெரிய விஞ்ஞானத்திலும் அவள் அடுப்படியை விட்டு வெளியே வர நீ ஒரு கதவு வைக்கவில்லையே. கம்பெனி எனக்குக் கொடுத்த கை பீரோவில் கிடக்கிறது, எந்தச் சைஸ் என்று ஒருநாளாவது கேட்டாயா. அது ஆம்பளை சைஸ், வந்த பெட்டியில் அதுதான் இருந்தது என்றார்கள். நிறம் என் நிறமில்லை, வளையல் ஏறாது, ஈரத் தட்டு வழுக்கும், அரை மணி மாட்டினால் தோளெல்லாம் வேர்க்குரு. (அம்மாவுக்கு ஆம்பளைக் கை, எனக்கு ஆம்பளைப் பெயர், இந்த வீட்டில் சேதாரம் இல்லாமல் தப்பித்த ஒரே ஆம்பளை நீதான். – கலை.)

அவள் சொல்வது சரி. கதையில் இவளை அகில் என்ற பையனாக்கியிருக்கிறாய். இவளுக்கு ஆட்டிசம் என்று தெரியவே பன்னிரண்டு வயது ஆனது, ஏன் என்று மறந்துவிட்டதா. இரண்டு டாக்டர்கள், “பொம்பளப் புள்ளைக்கு அதெல்லாம் வராதும்மா, கூச்சந்தான், வயசுக்கு வந்தா சரியாப் பூடும்” என்று திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் என்னோடு வந்து, வெளியில் நின்று அந்த டாக்டர்களைத் திட்டியவன் நீ. இப்போது மூன்றாவது டாக்டராக நீயே வந்து உட்கார்ந்திருக்கிறாய். உன் அகில் சிரிக்க மாட்டான், சலிக்க மாட்டான், பதினெட்டு மணி நேரம் கம்பெனி லைனில் நிற்பான், ஒருநாள் கோளாறாகி எட்டுப் பேரைக் கொல்வான், தலையில் சில்லு வைத்ததும் எல்லார் கண்ணையும் பார்த்து முதல் தடவை சிரிப்பான், அம்மா ஆனந்தத்தில் அழுவாள், கதை முடிந்தது. சிரிக்கத் தெரியாதவளா இவள். நீ பெண் பார்க்கக் கிளம்பிய அன்று உன் ஷூவை ஃபிரிட்ஜில் வைத்து, குளிர்நாட்டுக்கு இப்போதே பழகட்டும் என்றவள் இவள். இதை எல்லாம்கூட கதை என்று விட்டிருப்பேன். ஃபேஸ்புக்கில் கதையைப் போட்டு, இவள் கம்பெனி அட்டையோடு நிற்கிற போட்டோவையும் சேர்த்து, “இது என் தங்கையின் உண்மைக் கதை” என்று மேலே ஒரு வரி எழுதினாய் பார், அதைத்தான் விட முடியவில்லை.

இனி எழுதுவது கலைமதி. இங்கே வந்ததும் அம்மா, “உனக்கு நடந்ததை நீயே எழுதுடி” என்றுவிட்டாள். அண்ணா, வல்லம் வடகால் தொழிற்பேட்டைக் கம்பெனியில் நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது, கார் ஹெட்லைட் கண்ணாடியில் கீறல் பார்க்கிற வேலை. எனக்குப் பிடித்த வேலை, மற்றவர்கள் விடுகிற கீறல் என் கண்ணில் விழும். ஆனால் எனக்கும் கால் வலிக்கும், நாலாயிரமாவது கண்ணாடிக்குக் கொட்டாவி வரும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க ஒரு ரிலீவர் வர வேண்டும், அதுவரை நகரக் கூடாது. நீ போட்ட போஸ்ட் எங்கள் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. மறுநாளிலிருந்து எனக்கு ரிலீவர் கிடையாது. கேட்டேன். சூப்பர்வைசர் வெங்கடேசன் எல்லார் எதிரிலும், “மெஷினுக்கு இன்னா பாத்ரூம்? உங்க அண்ணனே எழுதிக்கிறாரு, உனக்குத்தான் டயர்டே ஆவாதாமே” என்று சிரித்தார். நம் மாடி ரூமில் குடியிருக்கும் தென்காசிப் பெண் முப்பிடாதி என் பக்கத்து இடத்தில்தான் நிற்கிறாள். “அவளும் மனுசிதான சார், அவளுக்கு மூத்திரம் வராதா” என்று கேட்டதற்கு அவளுக்கும் இரண்டு நாள் ஓ.டி. கட். நான் ஆறு நாள் தண்ணீரே குடிக்காமல் போனேன். ஏழாவது நாள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். கெட்டுப்போன மெஷினில் மாட்டுகிற சிவப்பு அட்டை ஒன்று உண்டு, அதை மாட்டிவிட்டால் மெயின்டனன்ஸ் ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை யாரும் தொடக் கூடாது, இது கம்பெனி விதி. அதை எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையை அப்படியே தூக்கி வைத்து நின்றுவிட்டேன். கண்ணாடி குவிந்தது, லைன் நின்றது, வெங்கடேசன் கத்தினார், நான் கண்ணைக்கூட இமைக்கவில்லை. (இமைத்தேன். இரண்டு தடவை.) மெயின்டனன்ஸ் நாகப்பன் டூல் பாக்ஸோடு வந்து, அட்டையைப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “இன்னா கம்ப்ளெய்ன்ட்டும்மா?” என்றார். பாத்ரூம் என்றேன். பேனாவை எடுத்து, ‘கோளாறு: ரிலீவர் கொடுக்கவில்லை’ என்று அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, “போய்ட்டு வாம்மா, அதுவரைக்கும் இந்த லைனை நான் ஓட்ட விட மாட்டேன்” என்றார். லைன் பதினோரு நிமிஷம் நின்றது. இனி மறுபடி அம்மா சொல்வது.

சுபாஷ், அன்று மாலை கம்பெனி ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வெங்கடேசன் எழுதிய ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார்கள்: இந்தப் பெண்ணுக்கு உணர்ச்சி கிடையாது, என்றைக்காவது யாரையாவது தாக்கலாம், லைனுக்கு ஆபத்து, ஆதாரம் இவள் அண்ணன் எழுதிய உண்மைக் கதை. கூடவே உன் கதையின் பிரிண்ட், எட்டுப் பேர் சாகிற பக்கத்தில் மஞ்சள் கோடு. “நான் ஒண்ணும் சொல்லலம்மா, உன் புள்ளதான் சொல்லுது” என்றான் வெங்கடேசன். என் கை போனபோதுகூட நான் அப்படிக் கூனிக் குறுகி உட்கார்ந்ததில்லை. நாகப்பன் எழுதிய அட்டையைப் பற்றி ஆபீசில் யாரும் பேச்செடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை. இன்னும் ஒரு மாதம் முடித்தால் இவளுக்குச் சர்டிபிகேட், அதைக் காட்டி இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியிலும் நுழையலாம். அன்று வெளியே அனுப்பினால் பதினோரு மாதமும் வீண், ஆபத்தான பெண் என்ற பெயரும் மிச்சம்.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வரியையும் இவள் போட்டோவையும் இன்றைக்கே எடு. பிறகு உன் கையெழுத்தோடு கம்பெனிக்கு ஒரு கடிதம் அனுப்பு, அகில் நான் கற்பனை செய்தவன், என் தங்கை இல்லை, அவளுக்குக் கால் வலிக்கும், பசிக்கும், கோபம் வரும், ஒருவரையும் அடித்ததில்லை, உண்மை என்று நான் எழுதியதுதான் பொய் என்று. வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே எழுது. உன் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் நான் இவளோடு போகிறேன். வராவிட்டால், உண்மைக் கதை என்று என் மகன் எழுதியது பொய் என்று அத்தனை பேர் எதிரில் நானே சொல்வேன், உன் மானத்தைப் பார்க்க மாட்டேன். இந்தக் கதை புத்தகமாக வரும்போது சென்னை விழாவில் நான் அந்தக் கையை மாட்டிக்கொண்டு இவளோடு மேடையில் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். வர மாட்டோம். சமர்ப்பணம் என்று எங்கள் பெயரையும் முதல் பக்கத்தில் போடாதே.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், உனக்குச் சளி பிடித்தால் சீக்கிரம் இறங்காது. இங்கே ஒன்பது மணி ஆகும்போது அங்கே விடிந்திருக்காது, எழுந்து சாமி கும்பிட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் கடிதத்தை அனுப்பிவிட்டுத் தூங்கு, மறந்துவிடாதே. பெற்றவள் வாயால் சபிக்க மாட்டேன். நீ நன்றாக இரு. எங்களைத் தின்று நன்றாக இருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகம்