உப்பில் கரைந்த ஜெல்

ஆடி, செவ்வாய்

விடியலில் மழை. வேலியோரக் குப்பைமேனி பறித்தேன். அலசிய பின் 40 கிராம். அம்மனுக்கு விளக்கு, பிறகு அடுப்பு.

இவர் கை இன்னும் மோசம். வேலைக்குப் போகிற தம்போய் ஊர் வர்க்‌ஷாப்பில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிற திரவம் தோலை உரித்துவிட்டது. ஒட்டுகிற நோயில்லை என்று கிளினிக்கில் சொல்லியாயிற்று. இருந்தும் ஞாயிறு கோயிலில் கூழ் ஊற்ற வரமாட்டாராம். வருஷா வருஷம் இவர் கைதான்.

“இந்தக் கையால ஊத்தினா யாரு குடிப்பாங்க? நீயே சொல்லு.”

ஃபோனில் பார்த்த குப்பைமேனி ஜெல்லை இவர் கைக்குச் செய்யத் தொடங்கினேன்.

ஜெல்லாக்கும் கார்போமர் தூள் 1 கிராம், ஆறவைத்த தண்ணீர் 200 கிராம். தூவி ஊறவிட்டேன்.

புதன்

ஊறிய தூளில் காரக் கரைசல் (அல்கலி) சொட்டுச் சொட்டாக. ஏழாவது சொட்டில் கெட்டியானது. அகர் அகர் ஜெல்லி மாதிரி நடுக்கம். உள்ளே குமிழிகள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தேனோ. சாதம் குழைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பவானி அக்கா எட்டிப் பார்த்தார். “உப்பு போடாம குப்பைமேனியா? யாருடி சொல்லிக் குடுத்தா? ஃபோனா?”

நியாயம்தான். சொறிக்குக் கல்லுப்போடு அரைப்பதுதானே வழக்கம். இலையை அரைத்துப் பிழிந்த சாற்றில் ஒரு தேக்கரண்டி உப்பு. பாதி ஜெல்லில் ஊற்றிக் கலக்கினால் இளகி இளகிக் கஞ்சித் தண்ணீர்.

“அலமாக்!” என்று அதிர்ந்தார் அக்கா. “ரசம் வெச்சிட்டியா?”

சிரித்தோம். அக்கா போனதும் அழுகை.

வியாழன்

ஜெல்லை இளக்கியது சாறா, உப்பா? மீதி ஜெல்லில் கொஞ்சம், இரண்டு தட்டில். உப்பில்லாச் சாறு விட்டது பச்சையாக அப்படியே. மற்றதில் இரண்டு கல் உப்பு. கல்லைச் சுற்றிக் குட்டிக் குளம், மெல்ல அகலமாகி, ஜன்னல் வெளிச்சம் அதில் மிதந்து.

குறிப்பு: உப்பு ஆகாது.

மிச்சம் முழுக்க உப்பில்லாச் சாறு. என் முழங்கை மடிப்பில் கொஞ்சம்.

வெள்ளி

ஒரு நாள் ஆயிற்று. சிவப்பில்லை, எரிச்சலில்லை. இவருக்குத் தடவினேன்.

“குளுகுளுன்னு இருக்கு லா. புல்லு வாசம்தான்.”

கண்ணை மூடிக்கொண்டார். விரல்களில் பச்சைக் கண்ணாடி. ஞாயிறு பற்றி நான் கேட்கவில்லை.

மீதி ஃபிரிட்ஜில். ஒரு வாரம்தான் தாங்கும்.

ஞாயிறு

தோல் இன்னும் உரிகிறது. அரிப்பு அடங்கியிருக்கிறது. நான் கிளம்பும்போது பார்த்தால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

கூழ்ப் பானையருகே கரண்டி எடுத்தார். வரிசை நகரவில்லை. எல்லார் கண்ணும் அந்தக் கைமேல். தாயே என்று மனசுக்குள். பவானி அக்கா இடித்துக்கொண்டு முன்னால் போய் டம்ளரை நீட்டினார்.

“என்னா தம்பி, பார்த்துக்கிட்டே நிக்கிற? நெறைய ஊத்து. வெங்காயம் எங்க?”

அக்கா நின்ற இடத்திலேயே மடமடவென்று குடித்தார். வரிசை நகர்ந்தது.

பானை காலி. எனக்குத்தான் கூழ் கிடைக்கவில்லை.