யாழினி: நாலு ஸ்பூன்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். காற்றும் புழுதியும். குழந்தைகள் காப்பகத்துக்கு வந்து இது மூன்றாவது வாரம். இதை நடத்தும் செல்வி மகளின் பிரசவத்துக்காக ஜெயங்கொண்டம் போனாள், இன்னும் திரும்பவில்லை. "பத்து நாள் பாத்துக்கங்க டீச்சர், போதும்" என்றாள். நான் வேலை பார்த்த பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். மறுக்க முடியவில்லை.

இன்று பதினொரு பேர். கைக்குழந்தை நாலு, நடப்பவை ஏழு. கம்பெனி பஸ் ஆறரைக்கு எறையூர் பக்கம் கிளம்பிவிடும். அதற்குள் தாய்மார்கள் எல்லாரும் பிள்ளையை விட்டுவிட்டு ஓட வேண்டும். தூங்கும் குழந்தைகளை வாங்கி வாங்கித் தோள்பட்டை வலி. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளை ஒழுங்காக உட்காரச் சொன்னேன். இதில் இரண்டுக்கு இன்னும் உட்காரவே வராது.

மதியம்: நடப்பவர்களுக்குப் பருப்புச் சாதம், கேரட், பாதி முட்டை. கைக்குழந்தைகளுக்கு மசித்த பருப்புச் சாதம், நெய்.
யாழினி: நாலு ஸ்பூன். துப்பியது போக மூன்று.

ஒன்பது மாதக் குழந்தை. அம்மா ரம்யா பாடாலூர்ப் பெண், கம்பெனியில் தையல் பிரிவு. கணவர் திருப்பூரில். மாமியார் உடையார்பாளையத்தில். போன மாதம் யாழினிக்கு எடை ஏறவில்லை. 18ஆம் தேதி நர்ஸ் மறுபடி நிறுப்பார். அப்போதும் ஏறாவிட்டால் ரம்யா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

யாழினி: நாலு ஸ்பூன்.

ரம்யா கொடுத்துவிட்ட டப்பாவைத் திறந்தால் பருப்புத் தண்ணீர். மேலே தெளிவு, அடியில் நாலு பருக்கை. மாலையில் நிறுத்தி வைத்துச் சொன்னேன். சுண்ணாம்பில் தண்ணீர் அதிகமானால் சுவரில் பிடிக்குமா, கையில்தானே வழியும்? இதுவும் அப்படித்தான். ஸ்பூனைச் சாய்த்தால் உடனே வழியக் கூடாது. ரம்யா தலையாட்டினாள். கண் பஸ் வரும் பக்கமே இருந்தது. பாவம், நின்றுகொண்டே தூங்குகிறாள்.

இன்னொன்று. நான் வந்த முதல் வாரமே ரம்யா கேட்டுக்கொண்டது: யாழினிக்கு யார் கண்ணிலும் படாமல் ஊட்ட வேண்டும். எல்லார் முன்னாலும் ஊட்டித்தான் கண்ணு பட்டுவிட்டது என்று மாமியார் சொல்கிறாராம். சரி என்று பின் அறை மூலையில் என் பழைய சேலையைக் கட்டித் திரையாக்கினேன். அதோடு அட்டவணையும் எழுதி ஒட்டினேன். கைக்குழந்தைகள் 11.30, பின் அறை. நடப்பவர்கள் 12.15, ஹால். யாழினி தனியாக, சுவரைப் பார்த்து. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

மூட்டு வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஆயா சகுந்தலாவுக்குச் சொல்ல வேண்டியவை:
ஒரு வயதுக்குள் தேன் கூடாது.
முழு முந்திரி, முழுக் கடலை யாருக்கும் கூடாது. (ஜெயங்கொண்டத்துக்காரத் தாய் ஒருத்தி பை நிறைய முந்திரி கொடுத்துவிட்டாள்.)
கைக்குழந்தை சாப்பாட்டில் உப்பு வேண்டாம்.
பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்து "சாப்டுச்சு" என்று எழுதக் கூடாது.

யாழினி: மூன்று. வாயை இறுக்கி மூடிக்கொள்கிறது. சகுந்தலா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காக்கா, குருவி எல்லாம் காட்டுகிறாள். அங்கே இருப்பதோ வெறும் சுவர்.

அரியலூரில் வேலை பார்த்த நாட்களில் என் மகன் மாமியாரிடம் வளர்ந்தான். காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறுவேன். மதியம் அவன் என்ன சாப்பிட்டான் என்று ஒருநாளும் எனக்குச் சரியாகத் தெரிந்ததில்லை. "சாப்ட்டான்" என்பார்கள், அவ்வளவுதான். ரம்யா தினமும் என் நோட்டை வாங்கிப் பார்க்கிறாள். எத்தனை ஸ்பூன் என்று படித்துவிட்டு திருப்பித் தருகிறாள்.

ஜூலை 11, வெள்ளி

சகுந்தலா லீவு. சிறுவாச்சூர் கோயிலுக்கு வேண்டுதல். திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு என்பதால் தள்ளிப்போடச் சொல்ல மனம் வரவில்லை. எப்போதும் உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பெண் மட்டும்.

பதினொரு பேருக்கு இரண்டு பேர். ஒருத்தி திரைக்குப் பின்னால் போனால் ஹாலில் யார் யாரைக் கடிப்பார்கள் என்று தெரியாது. எல்லாரையும் ஹாலில் வட்டமாக உட்காரவைத்தேன். யாழினி என் மடியில். பக்கத்தில் இரண்டரை வயதுத் தருண். சாப்பாடு என்றால் வேறு நினைப்பில்லாதவன்.

தருண் வாயைத் திறந்தால் யாழினியும் திறக்கிறது. அவன் மென்றால் பல்லில்லாத ஈறை அசைக்கிறது. கையை நீட்டி அவன் தட்டில் குழைந்த சாதத்தை அள்ளித் தன் வாயில் அப்பிக்கொண்டது. அவன் "என்து" என்று கத்தினான், பிறகு தானே ஒரு கவளம் எடுத்து நீட்டினான். நசுக்கிக் கொடுத்தேன். மசித்து வைத்த கிண்ணமும் காலி.

நோட்டில் எழுதினேன்: கிண்ணம் முழுதும். அதற்குக் கீழே, எல்லார் முன்னாலும். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த நோட்டை நம்பித்தானே அவள் போகிறாள்.

மாலையில் ரம்யா படித்தாள். முதல் வரிக்கு முகம் மலர்ந்தது. அடுத்த வரிக்கு மாறிவிட்டது.

"நான் சொன்னது ஒண்ணு, நீங்க செஞ்சது ஒண்ணு டீச்சர். புள்ளைக்கு ஏதாவதுன்னா எங்க அத்தைக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

சகுந்தலா லீவு என்பதைச் சொன்னேன். கேட்கும் நிலையில் அவள் இல்லை. வாசலிலேயே உப்பை எடுத்துச் சுற்றிப் போட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை 12, சனி

மறுபடியும் திரை. யாழினி: மூன்று.

சகுந்தலாவிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. செல்வி இருக்கும்போது எல்லாருக்கும் ஒரே வட்டம்தானாம், யாழினியும் அதில்தான் உட்காருமாம். அப்போது நன்றாகச் சாப்பிட்டதா என்றேன். பருப்புத் தண்ணியாக இருந்தாலும் டம்ளர் காலியாகும் என்றாள்.

"அப்ப ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?"

"டீச்சர் எழுதி ஒட்டிருக்காங்க, சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேங்க."

அட்டவணையைக் கிழித்தேன். பசை போட்ட இடத்தில் சுவர்ப் பூச்சும் கொஞ்சம் வந்தது. தண்ணீரைக் குறை சொன்ன நானே தனிமையை ஊட்டினேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்காகத் திரையைக் கழற்றவில்லை. அது ரம்யா கேட்டது. அவள்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

யாழினி வரவில்லை. காய்ச்சலாம், ரம்யா லீவு போட்டிருக்கிறாள். அவளோடு பஸ்ஸில் போகும் பெண் சொன்னாள். கண்ணு பட்டுத்தான் என்றும் ரம்யா சொன்னாளாம்.

மதியம் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. செல்விக்குப் போன் செய்தேன். பேத்தி பிறந்திருக்கிறதாம். இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் பார்ப்போம் என்றாள். சரி என்றேன்.

ஜூலை 16, புதன்

சிறு தூறல். புழுதி அடங்கியது.

ரம்யா ஆறு மணிக்கே வந்தாள். காய்ச்சல் இல்லை. யாழினியின் கீழுதட்டை விலக்கிக் காட்டினாள். அரிசி முனை அளவுக்கு வெள்ளை. பல்.

திங்களும் செவ்வாயும் வீட்டில் கதவைச் சாத்தி ஊட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு வாய் இறங்கவில்லை. நேற்று சாயங்காலம் வீட்டுக்காரம்மாவின் பையன் உள்ளே வந்து உட்கார்ந்து முறுக்கு தின்ன ஆரம்பித்தானாம். இது அவனைப் பார்த்து வாயைத் திறந்ததாம். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பையின் ஜிப்பையே பார்த்தாள்.

"நெத்தியில மை பெருசா வச்சிருக்கேன் டீச்சர். அழிஞ்சா மறுபடி வச்சிடுங்க. அப்புறம் எல்லாரோடயும் உக்கார வைங்க."

டப்பாவில் கெட்டியாக மசித்த உருளைக்கிழங்கும் பருப்பும். ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தேன். வழியவில்லை.

யாழினி: கிண்ணம் முழுதும். தருண் தட்டிலிருந்து தனி.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். பாதிப் பேர் இல்லை. கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம். யாழினி: கிண்ணத்தில் முக்கால். இரண்டு நாள் சாப்பிட்டால் எடை ஏறுமா? எனக்கே தெரியும், ஏறாது. தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

நாலு மணிக்கு நர்ஸ் வந்தார். ஷிஃப்ட் முடிந்து ரம்யா யூனிஃபார்மோடு ஓடி வந்தாள். தராசுத் தொட்டிலில் போட்டு நிறுத்தார்கள். யாழினி காலை உதறிக்கொண்டே இருந்ததால் முள் நிற்கவில்லை. நின்றபோது போன மாதத்தைவிட நூறு கிராம் கூட. நர்ஸ் அட்டையில் புள்ளி வைத்தார். "ஏறிருக்கு. கொஞ்சம்தான். இப்டியே குடுங்க" என்றுவிட்டு அடுத்த குழந்தையைக் கேட்டார்.

ரம்யா அங்கேயே மாமியாருக்குப் போன் போட்டாள். ஏறியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள், எவ்வளவு என்று சொல்லவில்லை. பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

எடையைக் கூட்டிச் சொல்லத் தோன்றியது. எத்தனையோ பிள்ளைகளை ஒரு மார்க் போட்டு மேலே தள்ளியிருக்கிறேன். ஆனால் அந்தம்மா கேட்டது எடையை இல்லை.

"எல்லாரு முன்னாலயும் வச்சா ஊட்டுறீங்க?"

ரம்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க. அப்பத்தாங்க சாப்புடுது."

அந்தப் பக்கம் எங்கோ மாடு கத்தியது.

"சாப்ட்டா சரி. அடுத்த மாசமும் நிறுத்துப் பாக்கச் சொல்லுங்க அவள."

ரம்யாவிடம் அப்படியே சொன்னேன். அதுவரை வேலை இருக்கிறது. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம்.