அளவு மீறியவன்

என்னங்க,

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வார்டிலிருந்து எழுதுகிறேன். போனில் பேசினால் கத்துவீர்கள்.

நம் அகிலனுக்கு நேற்றுதான் நினைவு திரும்பியது. விலா எலும்பு இரண்டு உடைந்திருக்கிறது. ஒன்றை உடைத்தது உங்கள் சேஃப்டி ஷூ. இன்னொன்று போலீஸ் ஸ்டேஷனில் உடைந்தது.

பைக்கில் விழுந்து கால் முறிந்தபோது கொடுத்த வலி மாத்திரையை அவனால் விட முடியவில்லை. பொடித்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு பெல்ட்டால் அடித்து உதைத்தீர்கள், நீங்களே போலீஸைக் கூப்பிட்டு ஒப்படைத்தீர்கள். லாக்கப்பில் மாத்திரை இல்லாமல் வாந்தியெடுத்துத் துடித்திருக்கிறான். "இன்னாடா, சீன் போட்டுகினு கீறியா?" என்று ஏறி மிதித்திருக்கிறார்கள். மூர்ச்சையான பிறகுதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இங்கே டாக்டர், எவ்வளவு நாளாக, எத்தனை மாத்திரை என்று மட்டும்தான் கேட்டார். நேற்றிலிருந்து நாக்குக்கு அடியில் ஒரு மருந்து வைக்கிறார். நடுக்கம் குறைந்திருக்கிறது.

இருபத்தாறு வருஷமாக அணு உலையில் ஆட்களின் சட்டை பேட்ஜைச் சோதித்து, உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்று சொல்கிறவர் நீங்கள். அளவு மீறியவனை என்றைக்காவது பெல்ட்டால் அடித்தீர்களா? வேலையை மாற்றி, ரத்தம் எடுத்து, "பயப்படாத தம்பி" என்றுதானே சொன்னீர்கள்? வருவதானால் அப்படி வாருங்கள்.

இன்று டிரிப் ஏற்ற, அவன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் நர்ஸ். நான் பிடித்ததுமே, "அடிக்காதீங்கப்பா" என்று அலறினான். நீங்கள் அங்கே இல்லவே இல்லை. அன்று நீங்கள் அடிக்க வசதியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டவள் நான்தானே.

அவன் அம்மா