ஏழு வீட்டுச் சாவிகள்

ஜனவரி 6, திங்கள்

லீவு கிடையாது. ஷர்மிளா மேடம் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வருத்தப்பட்டால் ஆயிற்றா? அமெரிக்காவிலிருந்து கிளையன்ட் பதினாறாம் தேதி வருகிறார்களாம். சங்கராந்திக்கு ஹைதராபாத்தே காலியாகிற வாரத்தில் எங்கள் ஆபீஸ் மட்டும் நிரம்பி வழிய வேண்டும்.

முந்நூறு இருக்கைகள். தினமும் வருகிறவர்கள் நாற்பது பேர். மீதி இருநூற்று அறுபதுக்கு உயிர் கொடுக்க வேண்டியவன் நான். மேசைக்கு ஒரு தண்ணீர் பாட்டில், நாற்காலிக்கு ஒரு ஸ்வெட்டர், திரையில் ஏதோ ஓர் அட்டவணை. பதினெட்டு வருட சர்வீசுக்குப் பிறகு அட்மின் மேனேஜர் தண்டபாணி பார்க்கிற உத்தியோகம் இது. போன தடவை ஒரு மேசையில் என் மூக்குக்கண்ணாடியையே கழற்றி வைத்தேன், யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. ரொம்பப் பாராட்டினார்கள். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

ராஜினாமாக் கடிதம் நவம்பரிலிருந்து டிராஃப்டில் கிடக்கிறது. உஷாவுக்குத் தெரியாது.

ஜனவரி 8, புதன்

லீவு இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். உஷா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நீங்க இல்லாம கோயமுத்தூர்ல எங்களுக்கு என்னங்க பொங்கல்?" மகள் ஸ்ரேயா போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரிஜைன் சேசெய் நான்னா," என்றாள். வேலையை விட்டுவிடுங்கள் அப்பா என்கிறாள். தூக்கிவாரிப் போட்டது. விளையாட்டுக்குத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 10, வெள்ளி

எங்கள் சந்தில் ஒன்பது வீடுகள். நானும் எதிர்வீட்டுக் கனகமும் மட்டும்தான் இருக்கப்போகிறோம். மீதி ஏழு வீட்டுக்காரர்களும் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் லைட் போட வேண்டும், வாசலில் விழும் பேப்பரை எடுத்து வைக்க வேண்டும். கடைசி வீட்டு ஷோபாகாரு மட்டும் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அவர் யாரிடமும் சாவி கொடுத்ததில்லையாம்.

காலையில் போலீஸ் ஆட்டோ மைக்கில் கத்திக்கொண்டு போயிற்று: ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், நகையை வீட்டில் வைக்காதீர்கள்.

ராத்திரி உஷா ஒரு யோசனை சொன்னாள். மார்கழி மாசத்தில் தெலுங்குக்காரர்கள் வீட்டில் முக்கு, அதாவது நம்ம கோலம், இல்லாத வாசலே கிடையாது. வாசல் வெறுமையாக இருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். "தெனமும் காலைல ஏழு வாசல்லயும் ஒரு கோலம் இழுத்து உட்ருங்க." நானா? "பின்ன, திருடனா வந்து போடுவான்?"

ஜனவரி 11, சனி

உஷாவையும் ஸ்ரேயாவையும் ரயிலேற்றிவிட்டு வந்தேன். கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து ஏழு சாவிகளையும் மாட்டினேன். ஒவ்வொன்றிலும் வீட்டு எண், பெயர் எழுதிய சீட்டு. ஆபீஸ் புத்தி!

ஜனவரி 12, ஞாயிறு

ஐந்தரைக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். இடுப்பு போச்சு. கனகம் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற ரயில்வே குடும்பம். வாய் சும்மா இருக்குமா? "ஐயே, நக்கோ அண்ணா, வேணாம்! கரப்பான்பூச்சி மாவுல உழுந்து எழுந்து போன மாதிரி கீது." அப்புறம் அவளே இறங்கிவந்து, கோணின இடத்தையெல்லாம் காலால் அழித்துத் திரும்பப் போட்டுக் காட்டினாள்.

ஆறாவது வாசலில் கை பழகிவிட்டது.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஆபீசில் ஸ்வெட்டர் எண்ணிக்கை. நூற்றுப்பத்துதான் தேறுகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில் வைத்து அடிப்பிடிக்க விட்டேன். இருந்தாலும் மனசு நன்றாக இருக்கிறது. இன்றைக்கு ஏழு வாசலிலும் கலர்ப்பொடி. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். சாவி கொடுத்தவர்களில் சூசைராஜ் கிறிஸ்தவர், அவர் வாசலிலும் போட்டிருக்கிறேன், "எங்க வீடு இவ்வளவு அழகா?" என்று திருச்சியிலிருந்து பதில் போட்டார்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான். ஆள் இல்லாத இடத்தில் ஆள் இருப்பதாகக் காட்டுவது. ஆனால் இங்கே ஏமாறுகிறவன் திருடன். அங்கே? நம்பி வருகிறவன். அதுதான் சோறு இறங்காததற்குக் காரணமோ?

உஷா கேட்டாள்: "நம்ம வாசலுக்குப் போட்டீங்ளா?" நமக்கு எதுக்கு, நான்தான் இங்கேயே இருக்கேனே என்றேன்.

ஜனவரி 15, புதன்

மனசு ஒரு நிலையில் இல்லை. எழுதினால் கொஞ்சம் அடங்கும்.

நாளைய வருகைக்கு ஒத்திகை என்று ஆபீஸ் வரச் சொன்னார்கள். கனகமும் புருஷனோடு மெட்டுகுடாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நாலரைக்கு நான் திரும்பினால் என் வீட்டுத் தாழ்ப்பாள் தொங்குகிறது. என் வீடு! வெள்ளி விளக்கு, ஸ்ரேயாவின் லேப்டாப் போச்சு. அதெல்லாம் போகட்டும். கதவைச் சாத்திப் பின்னால் பார்த்தேன். ஏழு ஆணியும் மொட்டையாக இருந்தன.

சீட்டோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எந்த வீட்டுக்கு எந்தச் சாவி என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே, மடையன்!

கான்ஸ்டபிள் வந்து சந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். "எல்லா வாசல்லயும் முக்கு இருக்கு. உங்க வாசல் மட்டும் காலி. பூட்டிட்டுப் போன வீடு இதுதான்னு நினைச்சிருப்பான் சார்," என்று தெலுங்கில் சொன்னார்.

இதுவரை ஏழு வீடும் பத்திரம். அவன் திரும்பி வருவதற்குள் பூட்டுகளை மாற்றியாக வேண்டும். கனுமப் பண்டிகை, நம்ம மாட்டுப் பொங்கல், கடை எதுவும் திறக்கவில்லை. பூட்டுக்காரர் நாளை காலை பத்து மணிக்குத்தான் வருவாராம். கிளையன்ட் வருவது பதினொன்றுக்கு.

ஏழு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். சொல்லாமல் பூட்டை மட்டும் மாற்றிவிட்டு, பழையது கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதில் எனக்கு அனுபவம் நிறைய இருக்கிறது. வேண்டாம். சூசைராஜ், "மொதல்ல நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். ஷோபாகாரு முழுவதையும் கேட்டுவிட்டுப் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

கனகமும் அவள் புருஷனும் வந்துவிட்டார்கள். "கைக்கு? ஏன் நீங்க ஒத்தையா நிக்கிறீங்க? நாங்க இல்லியா?" என்று திட்டினாள். ராத்திரி முறை வைத்து முழித்திருக்கப் போகிறோம்.

ஜனவரி 16, வியாழன்

ஏழே முக்காலுக்கு ஷர்மிளா மேடத்துக்குப் போன் செய்தேன்.

"சார், இன்னிக்கு மட்டும் வந்துடுங்க. கூர்க்கா யாரையாவது உக்கார வைங்க. நீங்க இல்லாம அந்த ஃப்ளோரை யார் ரெடி பண்றது?"

"மேடம், அங்க இருக்கிறது வெறும் நாற்காலி. இங்க ஏழு குடும்பத்தோட வீடு. என்னை நம்பிக் கொடுத்துட்டுப் போனாங்க. நான் வரலை."

"இது ரொம்ப சீரியஸா போகும் சார்."

"போகட்டும் மேடம்."

போனை வைத்துவிட்டுப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

பூட்டுக்காரர் பத்து மணி என்று சொல்லிப் பதினொன்றரைக்குத்தான் வந்தார். கூடவே இருந்து ஒவ்வொரு கதவாக மாற்ற வைத்தேன். ஷோபாகாரு வீட்டுக் கதவுதான் கடைசி. அதுவரை அந்த வாசலில் கனகம் சேர் போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினாள். நாலு மணிக்கு முடிந்தது. பூட்டுக்கு மூன்று சாவி. எந்த வீட்டிலும் ஒரு பொருள் போகவில்லை.

கனகம் சோறு கொண்டுவந்தாள். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

மேடம் கூப்பிட்டார். கிளையன்ட் பாதி காலியான தளத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டார்களாம். வேறு வழியில்லாமல், சங்கராந்தி என்று உண்மையைச் சொன்னாராம். "முன்பே சொல்லியிருந்தால் அடுத்த வாரம் வந்திருப்போமே," என்றார்களாம்.

அவ்வளவுதான்! இதற்குத்தானா நூற்றுப்பத்து ஸ்வெட்டர்?

"திங்கக்கிழமை வாங்க சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை," என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் போனை வைத்ததும் டிராஃப்டைத் திறந்து அனுப்பிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. இனிமேல் என்னால் அந்த வேலை முடியாது.

உஷாவிடம் சொன்னேன். திருட்டுக்கு அழாதவள் இதற்கு அழுதாள். "நவம்பர்லயே எழுதி வெச்சீங்ளா? ரெண்டு மாசமா எங்கிட்ட சொல்லாம எப்பிடிங்க சோறு திண்ணீங்க?" திங்கலை உஷா, அதான் விஷயம் என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு, "சரி, நான் வர்றேன் இருங்க," என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

எல்லாரும் வந்துவிட்டார்கள். புதுச் சாவிகளைக் கொடுத்தேன். பூட்டுக்கான செலவை யாரிடமும் வாங்கவில்லை. ஷோபாகாரு மூன்று சாவியையும் எண்ணி வாங்கிப் பர்சில் போட்டுக்கொண்டார். நியாயம்தான். இருந்தாலும் உள்ளே சுருக்கென்றது.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆபீசில் கடைசி நாள். கேக் வெட்டினார்கள். வந்திருந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். அத்தனை பேரும் நிஜமானவர்கள். அடுத்த வாரம் மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ, கட்டடப் பராமரிப்பு வேலை. சம்பளம் குறைவு. உஷா, "போயிட்டு வாங்க, பாத்துக்கலாம்," என்கிறாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சாயங்காலம் ஷோபாகாரு வந்தார். சிவராத்திரிக்கு ஸ்ரீசைலம் போகிறார்களாம், வியாழக்கிழமைதான் திரும்புவார்களாம். கையில் சாவி.

உஷாவிடம் கொடுங்களேன் என்றேன். எனக்கு அதைத் தொடவே பயம். அந்தத் திருடன் இன்னும் அகப்படவில்லை, எனக்கு வேலையும் இல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும் அன்னய்யா," என்றார் தெலுங்கில். "அன்னைக்கு எனக்குக் கோபம்தான். போனைக்கூட வெச்சிட்டேன். ஆனா வேற யாராவது இருந்திருந்தா என்கிட்ட சொல்லியே இருக்க மாட்டாங்க." சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.

அதை ஆணியில் மாட்டவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். துவைக்கப் போட வேண்டும், சட்டையைக் கழற்றிக் கொடுங்க என்று உஷா இரண்டு முறை கேட்டுவிட்டாள். வியாழக்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.