எட்டுக் கிரகம் விலகும் வரை நின்ற தோணி

கடலோடு போய்விட்ட என் பேச்சிமுத்து அத்தானுக்கு,

கோவாவில் போர்த்துக்கீசியக் கொடி இறங்கிய மார்கழி உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த தை மாதம்தான், எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுகிறது, உலகம் அழியப் போகிறது என்று பம்பாய் முழுக்க ஒரே பேச்சாகக் கிடந்தது. மாட்டுங்காவில் தெருவுக்குத் தெரு ஹோமப் புகை. வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. அந்த வருஷம் என்றால் அந்தப் புகையும் உங்கள் காலிலிருந்து வந்த வாடையும்தான் எனக்கு.

நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு மருமகள் எழுதுகிறாள். கோயில் விழா மலரில் அச்சுப் போடுவார்களாம். போடட்டும், பயமில்லை. அக்காவுக்கும் என்னைப் போலவே எழுத்து தெரியாது. வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால்தான் இத்தனை காலம் வாய்க்குள் அடக்கி வைத்ததை இங்கே சொல்கிறேன்.

அக்கா அப்போது மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கிரகம் கூடினால் முதலில் பொங்குவது கடல்தான் என்று அந்த வீட்டு மாமி சொல்லிவிட்டாள். அன்று தாராவிக்குத் திரும்பிய அக்கா அடுப்பே பற்ற வைக்கவில்லை.

"இந்த நடை தோணிக்குப் போகாதிய" என்றாள்.

"போகாம? ரயில்ல முறுக்கு விக்கவா?" என்றீர்கள்.

"அப்போ கிரகம் கூடுத நாள்ல பாய் ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. எங்க நிக்கியளோ அங்கயே நில்லுங்க. அது விலகினப்புறம் கெளம்புங்க."

சிரித்துக்கொண்டேதான் அவள் தாலியைத் தொட்டீர்கள். "இது மேல ஆணை. போதுமா?" அவள் சிரிக்கவில்லை.

மங்களூரில் அரிசியும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மேற்கே தீவுகளுக்குப் போனோம். மூன்று தோணிகள் சேர்ந்தே ஓடுவது நம் வழக்கம். ஒன்று பின்தங்கினால் மற்ற இரண்டும் பாயைத் தாழ்த்திக் காத்திருக்கும். நம் தோணிக்கு நீங்கள் தண்டல், நீங்கள் சொன்னால்தான் பாய் ஏறும், இறங்கும். இன்னொரு தோணிக்குக் காயல்பட்டணத்து அலியார் காக்கா தண்டல். தீவு தீவாக அரிசியை இறக்கிக் கொப்பரை ஏற்றினோம். நங்கூரம் அடிமணலில் படுத்திருப்பது மேலே இருந்தே தெரியும், அத்தனை தெளிந்த தண்ணீர். மூன்று தோணிக்காரரும் ஒரே மணலில் சட்டி வைத்து மீன் குழம்பு காய்ச்சினோம். அதற்குப் பிறகு நான் அப்படிச் சாப்பிடவில்லை. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, அத்தான்.

கடைசித் தீவில் தோணியைத் தள்ளி மிதக்க விடும்போது பவளப்பாறையின் முருகைக் கல் உங்கள் பாதத்தைக் கிழித்தது. கொசுக்கடி என்றீர்கள். சுண்ணாம்பை அப்பினீர்கள். கரைக்குத் திரும்பும் வழியில், பறவைகள் மட்டும் குடியிருக்கும் அந்தத் தீவுக்கு வருவதற்குள் பாதம் பூசணிக்காயாகிவிட்டது. கிரகம் கூடும் நாளும் அன்றுதான் தொடங்கியது. நங்கூரம் போடச் சொன்னீர்கள். மற்ற இரண்டு தோணிகளும் நமக்காக நின்றன.

முதல் நாள் கேலியாகத்தான் போயிற்று. "பம்பாய் முங்கிட்டுன்னா இந்தக் கொப்பரைய எவன்கிட்டல விக்கது?" என்றான் நம் சமையல்காரன் ஆறுமுகம்.

"விக்காண்டாம். ஒலகத்துல மிச்சம் நாமதான். நீ ராசா, நான் மந்திரி" என்றேன்.

"பொம்பள ஒண்ணுகூட இல்லாத ராச்சியத்துக்கு ராசா ஒரு கேடா?"

நீங்களும் சிரித்தீர்கள். சிரிக்கும்போதே பல் கிட்டியது, காய்ச்சல் அப்படி.

மறுநாள் கால் கறுத்தது. கரைக்குப் போக வாகான காற்று வீசிக்கொண்டிருந்தது. அலியார் காக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார்.

"பேச்சி, எனக்குக் கிரகமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. என் தோணியில ஏறு. கோழிக்கோட்டு ஆஸ்பத்திரியில கொண்டு சேர்க்கேன். நீ பாய் ஏத்த வேண்டாம், நான் ஏத்துதேன்."

"யாரு ஏத்துனா என்ன காக்கா? பாய்க்குக் கீழ படுத்திருக்கது நான்தானே."

"காலு போயிரும்டா."

"காலு போனா போவுது. அவ கழுத்துல கெடக்கது போவக் கூடாது."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள், அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

"மாப்ள, ஒங்க அக்கா எங்கிட்ட ஒரு சேலைகூடக் கேட்டதில்ல. கேட்டது இது ஒண்ணுதான்" என்றீர்கள்.

தண்டல் சொல்லை மீறி நங்கூரம் எடுக்க எவனுக்குத் துணிவு வரும்? தாலி மேல் செய்த ஆணையை யார் அறுப்பது? நாங்களும் அந்தக் கிரகத்துக்குப் பயந்தவர்கள்தானே. உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பொங்கவில்லை. பறவைகள் போயின, வந்தன. வானம் வெறும் வானமாகவே இருந்தது.

கிரகம் விலகியது என்று ஆறுமுகம் நாள் எண்ணிச் சொன்ன அந்த நிமிஷமே பாய் ஏற்றினோம். ஆனால் கரை கண்ணில் படும் முன்பே என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

"நான் பாய் ஏத்திட்டேன்னு சொல்லு. சத்தியத்த மீறிட்டான்னு சொல்லு. அவ என்னைய வையட்டும், மாப்ள. அவள அவளே வைஞ்சுக்கிடக் கூடாது."

பழைய பாய்த்துணியில் சுற்றி உங்களைக் கடலுக்குக் கொடுத்தோம். மூன்று தோணியும் பாயைத் தாழ்த்தி நின்றன, பின்தங்கியவனுக்காக நிற்பதுபோல.

தாராவிக்கு வந்து நான் சொன்னேன். நீங்கள் சொல்லித்தந்தபடியே, கிரகம் கூடிய நாளில் பாய் ஏற்றினீர்கள், கடல் கொண்டுபோயிற்று என்று சொன்னேன். அக்கா அழவில்லை. "என் தாலியத் தொட்டுட்டுப் போயி பாய் ஏத்துனாவளா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் மார்பில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தை அமாவாசைக்கும் உங்களுக்கு இலை போடுகிறாள். உங்களுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை விரதம் முடிந்த மறுநாள் தனியாக வைப்பாள். "சத்தியத்துக்குப் பொறுப்பில்லாத மனுசன், வந்து சாப்பிடுங்க" என்று திட்டாமல் ஒரு வருஷமும் வைத்ததில்லை. அந்தக் கோபம்தான் அவளை நிமிர்த்தி வைத்தது என்று சில நாள் தோன்றும். நல்ல புருஷனை இத்தனை காலம் பொய்யனாக்கி வைத்தோமே என்று சில நாள் தோன்றும். எது சரி, அத்தான்?

இப்போது பம்பாய்க்கு எதிர்க்கரையில், நெருளில் என் மகன் வீட்டில் நானும் அவளும் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் கழிமுகத் தண்ணீர் தெரியும். அவள் அதற்கு முதுகைக் காட்டித்தான் படுக்கிறாள். சாப்பாடு இறங்குவதில்லை. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வாரம் என் கையைப் பிடித்தாள். "ஏலே தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மெய்யாச் சொல்லு. அவுக ஏன் பாய் ஏத்துனாவ? என் பேச்சு அம்புட்டு எளப்பமா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் பேச்சுக்காக ஒரு மனுஷன் காலைக் கொடுத்தான், உயிரைக் கொடுத்தான் என்று சொல்லியிருந்தால் அந்த முகம் ஒரு நிமிஷம் மலர்ந்திருக்கும். அடுத்த நிமிஷம்?

"காத்து நல்லா இருந்துது அக்கா. ஆசைப்பட்டுட்டாவ" என்றேன்.

கையை விட்டுவிட்டாள். "அங்க வந்து கேக்கேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சீக்கிரம் வருவாள், அத்தான். கேட்பாள். உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் இருந்தால் அவள் தாங்குவாள். அதுவரை நான் சொல்ல மாட்டேன். இது எதன் மேலும் கை வைக்காமல் நான் கொடுக்கும் வாக்கு.

ஆறுமுகம் பம்பாய் சுனாபட்டியில் மகள் வீட்டில் கண்ணை மூடினான். அலியார் காக்கா ஊரிலேயே அடங்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்தத் தீவில் உங்களோடு நின்றவர்களில் இன்று மூச்சு விடுகிறவன் ஒருவன்தான்,

உங்கள் இசக்கியம்மாளின் தம்பி,
செல்லையா.